‘சரி’ என்றால் எதற்குச் சரி?

அத்தைக்குக் காய்ச்சல். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு மருந்துக்கடைக்குப் போனார். கடைப் பையன் ஓர் அட்டை மாத்திரையைக் கவரில் போட்டு, “நாளைக்கு ரெண்டு வேளை போடுங்கம்மா, சாப்பிட்ட பின்னாடி” என்றான். “சரி தம்பி” என்று வாங்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு ஒன்றும் போடவில்லை. மறுநாள் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அதோடு நிறுத்திவிட்டார். நான்காம் நாள் காய்ச்சல் திரும்பி வந்தது. நான் போய்ப் பார்த்தபோது பத்து மாத்திரை அட்டையில் எட்டு அப்படியே இருந்தன.

“நாளைக்குன்னுதானே சொன்னான் அந்தத் தம்பி? நாளைக்குத்தான் போட்டேன்.”

“ரெண்டு மாத்திரைக்கு எதுக்கு அத்தை பத்து குடுக்கணும்?”

“அட்டையைக் கிழிச்சா குடுக்கறாங்க? முழுசாத்தானே தலையில கட்டுவாங்க.”

பதிலில் ஓட்டையே இல்லை. பையன் சொன்னது ‘ஒரு நாளைக்கு இரண்டு வேளை’. அத்தை கேட்டது ‘நாளை இரண்டு வேளை’. தமிழில் இரண்டுக்கும் ‘நாளைக்கு’ என்ற ஒரே சொல் போதும். அவனுக்கு வாய் சரி, இவருக்குக் காது சரி, இருவருக்கும் தாய்மொழி ஒன்றே. கடையில் இரைச்சல்கூட இல்லை. நடுவில் ஒரு ‘சரி’ விழுந்தது, அத்தோடு இருவரும் வேலை முடிந்ததாக எடுத்துக்கொண்டார்கள்.

தகவல் தொடர்பு பற்றிய பாடப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே ஒரு படம் இருக்கும். இடது பக்கம் அனுப்புநர், வலது பக்கம் பெறுநர், நடுவில் ஓர் அம்புக்குறி, அம்புக்குறியின் மேல் ‘இரைச்சல்’ என்று ஒரு கட்டம். அந்தப் படத்தின் மூலம் 1948இல் கிளாட் ஷானன் வெளியிட்ட கட்டுரை. அவர் வேலை பார்த்தது அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், அதாவது ஒரு தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில். கம்பியில் எவ்வளவு செய்தியைப் பிழையில்லாமல் அனுப்ப முடியும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட கணக்கு. செய்தியின் பொருள் என்ன என்பது இந்தப் பொறியியல் கணக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். அடுத்த ஆண்டு வாரன் வீவரின் விளக்கத்தோடு அது புத்தகமாக வந்தது. பிறகு மனிதப் பேச்சை விளக்கவும் அதே படத்தை எடுத்துக்கொண்டார்கள். ஷானன் வெளியே விட்டுவந்த ‘பொருள்’ மட்டும் வெளியிலேயே நின்றுபோனது.

ஷானனைக் குறை சொல்வதற்கில்லை. இரைச்சலை வெல்ல வழி மிகைதான், சொன்னதையே வேறு வேறு விதத்தில் திரும்பவும் சொல்வதுதான் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் அவர். பேருந்து நிலையத்தில் நின்றால் அது கண்ணெதிரே நடக்கும். நடத்துநர் ஒருமுறை ‘தாம்பரம்’ என்று சொல்லிவிட்டு நிறுத்துவதில்லை. ‘தாம்பரம் தாம்பரம் தாம்பரம்’ என்று ஒரே மூச்சில் மூன்று தடவை போகும். இலக்கணத்துக்குள்ளேயே இந்த மிகை இருக்கிறது. ‘அவள் வந்தாள்’ என்பதில் பெண்பால் இரண்டு இடத்தில் வருகிறது. முன்பாதி ஹாரன் சத்தத்தில் போனாலும் பின்பாதி காப்பாற்றிவிடும். ஆனால் இந்தக் காப்பெல்லாம் ஒலிக்குத்தான். அத்தையிடம் அந்தப் பையன் ‘நாளைக்கு, நாளைக்கு, நாளைக்கு’ என்று மூன்று தடவை சொல்லியிருந்தாலும் எட்டு மாத்திரை மிச்சம்தான் இருந்திருக்கும்.

பேச்சைப் பொட்டலமாக நினைப்பது நமக்கும் பழக்கமானதுதான். ‘காதுல போட்டு வைங்க’ என்கிறோம். ‘மண்டையில ஏத்து’ என்கிறோம். பேச்சைக் கேட்காத பிள்ளையை ‘காதுலயே வாங்க மாட்டேங்கறான்’ என்று திட்டுகிறோம். போடவும் ஏற்றவும் வாங்கவும் ஏதோ ஒரு சரக்கு இருப்பதுபோல. உண்மையில் காற்றில் போவது வெறும் அதிர்வு. பொருள் அதில் ஏறிப் போவதில்லை. கேட்பவர் தன்னிடம் உள்ளதை வைத்துத் தன் பக்கத்தில் புதிதாகக் கட்டிக்கொள்வதுதான் பொருள். பையன் அனுப்பியது ஒரு குறிப்பு மட்டுமே. அட்டையை முழுசாகத் தலையில் கட்டுவார்கள் என்ற பழைய அனுபவத்தைச் சேர்த்து, மிச்ச வீட்டைக் கட்டியவர் அத்தை.

காது இப்படித் தானாகக் கட்டுவதை ரிச்சர்ட் வாரன் 1970இல் சோதனையாகவே செய்து காட்டினார். ஓர் ஆங்கில வாக்கியத்தைப் பதிவு செய்து, அதில் ஒரு சொல்லின் நடுவிலிருந்த ‘ஸ்’ ஒலியை முற்றாக வெட்டியெடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை ஒட்டினார். கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள். மிச்சமிருந்த ஒருவர் விடுபட்டதாகச் சொன்னது வேறோர் ஒலியை. இல்லாத ‘ஸ்’ எல்லோருக்கும் காதில் விழுந்திருக்கிறது. ஏதோ குறைகிறது, ஊகித்துக்கொள்வோம் என்று அவர்கள் நினைத்துச் செய்ததல்ல இது. நிஜமாகவே கேட்டார்கள். ஆபத்தும் இதில்தான் இருக்கிறது: ஊகம் ஊகமாகத் தெரிவதில்லை, கேட்டதாகவே தெரிகிறது.

சொல்பவர் பக்கத்துக் குருட்டுத்தனம் வேறு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் 1990இல் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு விளையாட்டு நடத்தினார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மேசையில் விரலால் தட்ட வேண்டும், எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிக்குப் பாதியாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது வெறும் மூன்று. தட்டுகிறவர் தலைக்குள் ராகம், தாளம், வாத்தியம் எல்லாம் முழுக் கச்சேரியாக ஓடிக்கொண்டிருக்கும். எதிரே இருப்பவருக்கு டொக் டொக் மட்டும்தான். வீட்டில் யாரையாவது பிடித்து இதைச் செய்து பாருங்கள். மூன்றாவது பாட்டிலேயே சண்டை வரும்: ‘இதுகூடத் தெரியலையா உனக்கு?’

இந்த இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1977 மார்ச் 27 சாட்சி.

ஸ்பெயினின் கேனரி தீவுகளில் டெனெரீஃப் என்ற தீவு. அங்கே லோஸ் ரோடியோஸ் என்ற சிறிய விமான நிலையம். பக்கத்துத் தீவான கிரான் கேனரியாவின் விமான நிலையத்தில் ஒரு குண்டு வெடித்ததால் அங்கே இறங்க வேண்டிய விமானங்களையெல்லாம் இங்கே திருப்பிவிட்டார்கள். நிற்க இடமில்லாமல் விமானங்கள் அடைத்துக் கிடந்தன. அவற்றில் இரண்டு 747 ஜம்போக்கள்: டச்சு நிறுவனமான கே.எல்.எம். உடையது ஒன்று, அமெரிக்காவின் பான் ஆம் உடையது மற்றொன்று. பக்கப் பாதை அடைபட்டிருந்ததால் இரண்டும் ஓடுபாதையின் மேலேயே ஊர்ந்து போக வேண்டியிருந்தது. மேகம் தரையோடு இறங்கி மூடிக்கொண்டது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து பார்த்தால் விமானங்கள் தெரியவில்லை, ஒரு விமானத்திலிருந்து மற்றொன்றும் தெரியவில்லை. தரையைக் காட்டும் ரேடாரும் அங்கே கிடையாது. மிச்சமிருந்த ஒரே கண், வானொலிப் பேச்சு.

கே.எல்.எம். ஓடுபாதையின் கோடிக்குப் போய்த் திரும்பி நின்றது. பான் ஆம் இன்னும் அதே பாதையில் எதிரே வந்துகொண்டிருந்தது. கே.எல்.எம். கேப்டன் யாகோப் வெல்தௌஸன் வான் ஸாண்டன் அந்த நிறுவனத்தில் 747 விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர். விளம்பரத்தில் படம் வந்த ஆள். பணி நேர வரம்பு வேறு நெருக்கிக்கொண்டிருந்தது. எஞ்சினின் வேகத்தைக் கூட்டத் தொடங்கியவரைத் துணை விமானி நிறுத்தினார்: இன்னும் அனுமதி வரவில்லை என்றார். தெரியும், கேள் என்றார் கேப்டன்.

கோபுரம் ஓர் அனுமதி கொடுத்தது. மேலேறிய பின் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்த உயரத்தில் பறக்க வேண்டும் என்பதற்கான அனுமதி அது. கிளம்புவதற்கான அனுமதி அல்ல. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் ‘டேக்-ஆஃபுக்குப் பிறகு’ என்ற சொல் இருந்தது. எந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தார்களோ அதே சொல். துணை விமானி அனுமதியைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேப்டன் ‘போகிறோம்’ என்று சொல்லி விமானத்தைச் செலுத்தத் தொடங்கிவிட்டார். துணை விமானி அவசரமாக முடித்தார்: ‘வீ ஆர் நௌ அட் டேக்-ஆஃப்’.

ஆங்கிலத்தில் வழக்கமாக யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘கிளம்பிக்கொண்டிருக்கிறோம்’ என்பதற்கான டச்சு வாக்கிய அமைப்பு ஆங்கிலத்துக்குள் புகுந்து வந்தது அது என்று ஒரு விளக்கம் உண்டு. கோபுரத்தில் இருந்தவருக்கு ஸ்பானியம் தாய்மொழி. ‘கிளம்பும் இடத்தில் நிற்கிறோம்’ என்றே அவருக்கு அது விளங்கியது. அவர் சொன்னார்: ‘ஓகே.’ ஒரு சிறு இடைவெளி. பிறகு, ‘கிளம்பத் தயாராக நில்லுங்கள், கூப்பிடுகிறேன்.’

அதே நொடியில், பதறிப்போன பான் ஆம் விமானிகளும் ‘நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்’ என்று பேசினார்கள். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் ஒன்றையொன்று மோதிக் கீச்சென்று ஓர் ஒலி வரும். கே.எல்.எம். விமானி அறையில் ‘ஓகே’ மட்டும் தெளிவாக விழுந்தது. அதன்பின் சுமார் மூன்று நான்கு விநாடிகள் கீச்சொலி. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டதாகக் கோபுரம் நினைத்தது, பான் ஆமும் நினைத்தது. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டதாகக் கே.எல்.எம். நினைத்தது.

இன்னும் ஒரு வாய்ப்பு மிச்சமிருந்தது. ஓடுபாதையை விட்டு விலகியதும் சொல்லுங்கள் என்று கோபுரம் பான் ஆமிடம் கேட்டதும், சரி, சொல்கிறோம் என்று அவர்கள் பதில் கொடுத்ததும் கே.எல்.எம். அறையில் கேட்கிற மாதிரியே இருந்தன. பின்னால் உட்கார்ந்திருந்த பொறியாளர் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டார். ‘அப்ப அந்த பான் அமெரிக்கன் இன்னும் விலகலையா?’ என்று கேட்டார். ‘விலகியாச்சு’ என்று அழுத்தமாகப் பதில் வந்தது. இதை மட்டும் என்னால் எளிதில் தாண்டிப் போக முடியவில்லை. அந்த அறையில் உண்மையை நெருங்கிய ஒரே வாக்கியம் ஒரு கேள்வியாக வந்தது. அதையும் ஓர் உறுதியான ‘விலகியாச்சு’ அடித்துப் போட்டுவிட்டது.

583 பேர் இறந்தார்கள். கே.எல்.எம். விமானத்தில் இருந்த 248 பேரில் ஒருவரும் தப்பவில்லை. பான் ஆமில் 61 பேர் பிழைத்தார்கள். விமானப் போக்குவரத்தின் வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து இன்றுவரை இல்லை. அனுமதி இல்லாமல் கேப்டன் கிளம்பியதே காரணம் என்றது ஸ்பெயின் அறிக்கை. இரு பக்கமும் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டதை அழுத்திச் சொன்னது நெதர்லாந்து தரப்பு. யார் பொறுப்பு என்ற வழக்குக்கு முதலாவது போதும். அது எப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமானால் இரண்டாவதும் வேண்டும்.

பேச்சில் பாதியைச் சொல்லாமல் விடுவது எப்போதுமே தவறு என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். சொல்லாமல் விடுவதில்தான் நம் வாழ்க்கையே ஓடுகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு ‘ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்’ என்றால் என்ன பொருள் என்று வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தபால்காரருக்காக யாரும் காத்திருப்பதில்லை. விருந்தாளி கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்பதும் அப்படித்தான். ராத்திரியே திரும்பி வருவார் என்று யாரும் சோறு எடுத்து வைப்பதில்லை. பேசுபவர் ஏதோ ஒரு காரணத்தோடுதான் இப்படிப் பேசுகிறார் என்று கேட்பவர் நம்பி, அந்தக் காரணத்தைத் தேடிப் போகிறார். உரையாடல் இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது என்று மெய்யியலாளர் பால் கிரைஸ் விளக்கினார். அது வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு: இரு பக்கத்துக்கும் வழக்கம் ஒன்றாக இருக்க வேண்டும். லெட்டர் விஷயம் தெரியாத வெளியூர் மாப்பிள்ளை வீட்டார் நிஜமாகவே லெட்டர் போடுகிறவர்களாக இருந்தால், நல்ல சம்பந்தம் ஒன்று கைநழுவிப் போகும்.

1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் போன ஆவியான்கா 52 விமானத்துக்கு நேர்ந்தது இதன் இருண்ட பக்கம். மோசமான வானிலையால் அதை ஒரு மணி நேரத்துக்கும் மேல் வானத்திலேயே சுற்றவிட்டார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. துணை விமானி கேட்டது ‘முன்னுரிமை’. அவருக்கு அது முதலில் எங்களை இறக்குங்கள் என்ற மன்றாட்டு. கட்டுப்பாட்டு அறையின் அகராதியில் விமானங்களை ஒதுங்கச் செய்யும் சொல் ‘அவசரநிலை’ மட்டும்தான். முதல் தடவை இறங்க முடியாமல் மேலே ஏறியபோது, அவசரநிலை என்று சொல் என்று கேப்டன் ஸ்பானியத்தில் சொன்னார். துணை விமானி கோபுரத்திடம் சொன்னது, மீண்டும் முயல்கிறோம், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று, ஒரு சாதாரண வாக்கியத்தின் வாலில். பதில்: ‘ஓகே.’ சுற்றிவந்து இறங்க இன்னும் பதினைந்து மைல் கொண்டுபோகிறேன், உங்கள் எரிபொருளுக்குப் பரவாயில்லையா என்று கேட்டபோது, ‘பரவாயில்லை என்று நினைக்கிறேன், மிக்க நன்றி’ என்றார் துணை விமானி. சற்று நேரத்தில் எஞ்சின்கள் நின்றன. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். விழுந்த விமானம் தீப்பிடிக்கவில்லை. பிடிப்பதற்கு அதில் எண்ணெய் இருக்கவில்லை.

மரியாதையாகப் பேசுவது, பெரியவர்கள் முன் குரல் தாழ்த்துவது, கெட்ட செய்தியை வாக்கியத்தின் கடைசியில் நுழைப்பது, இதெல்லாம் நமக்கும் நன்றாகத் தெரிந்த வித்தைகள்தான். அலுவலகத்தில் மேலாளரிடம் ‘கொஞ்சம் டைட்டா இருக்கு சார், பாத்துக்கறோம்’ என்று சொல்லாதவர் யார்? அது ‘முடியாது’ என்பதற்கான சொல் என்று மேலாளருக்குத் தெரிந்திருந்தால் பிழைத்தோம்.

இங்கே ஒரு சின்ன விலகல். ஆளுமை வளர்ச்சி வகுப்புகளில் தவறாமல் வரும் ஒரு ஸ்லைடு உண்டு: தகவல் தொடர்பில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகபாவத்துக்கு 55. ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த ஆய்வுகளிலிருந்து எடுத்தது. தனித்தனிச் சொற்களை விதவிதமான குரலிலும் முகத்திலும் சொல்லிக் காட்டி, இவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்ன சோதனைகள் அவை. உணர்ச்சியையும் மனப்போக்கையும் பற்றிய பேச்சைத் தவிர மற்றதற்கு இது பொருந்தாது என்று அவரே சொல்லிவிட்டார். 55 சதவீதம் முகத்தில் இருப்பது உண்மையென்றால் வானொலிச் செய்தியில் பாதிக்கு மேல் புரியாமல் போக வேண்டுமே. டெனெரீஃபில் எல்லாவற்றையும் மாற்றியிருக்கக்கூடியது ஒரே ஒரு சொல்தான்.

டெனெரீஃபுக்குப் பிறகு மாற்றியதும் சொற்களைத்தான். ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை உண்மையில் கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்த வேண்டும், மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’ என்றே சொல்ல வேண்டும் என்று உலக அளவில் விதியானது. வெறும் ‘ஓகே’யோ, செய்தி கிடைத்தது என்று பொருள்படும் ‘ராஜரோ’ போதாது, முக்கியமான அனுமதியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எண்ணில்கூட முன்பிருந்தே விளையாட்டில்லை: ‘நைன்’ என்பது ‘ஃபைவ்’ மாதிரி கேட்டுவிடக்கூடாது என்பதற்காக ‘நைனர்’. அறைக்குள் பொறியாளர் கேள்வி கேட்டால் கேப்டன் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று பயிற்சியும் வந்தது.

ரயில்வேக்காரர்கள் இதைத் தம் வழியில் செய்கிறார்கள். லெவல் கிராசிங்கில் கேட்டை மூடிய கேட்கீப்பர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனில் ‘மூடியாச்சு’ என்று சொன்னால் மட்டும் போதாது. தன்னிடம் உள்ள அச்சிட்ட தாளிலிருந்து ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். பிரைவேட் நம்பர் என்று அதற்குப் பெயர். சொன்ன எண்ணை அடித்துவிடுவார். ஸ்டேஷன் மாஸ்டர் அதைக் குறித்துக்கொள்வார். ‘சரி’யை யாரும் தூக்கக் கலக்கத்தில்கூடச் சொல்லிவிடலாம். தாளைப் பார்த்து எண்ணைப் படிக்க ஆள் விழித்திருந்தாக வேண்டும்.

‘சரி’ என்ற சொல்லுக்கு உள்ள சிக்கலே இதுதான். காதில் விழுந்தது என்பதற்கும் சரி, புரிந்தது என்பதற்கும் சரி, சம்மதம் என்பதற்கும் சரி, ஆளை விடு என்பதற்கும் சரி. வாட்ஸாப்பின் நீல டிக்கும் அந்தச் சாதிதான். திறந்து பார்த்தார் என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. நீல டிக் வந்து அரைமணி நேரமாகப் பதில் இல்லையென்றால் மிச்சக் கதையை நாமே எழுதிக்கொள்கிறோம், அதுவும் பெரும்பாலும் சோகக் கதையாக.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. காதால் கேட்பதும் கேள்வி கேட்பதும் நமக்கு ஒரே வினைச்சொல். ‘அவன் கேட்டான்’ என்றால் இரண்டில் எது என்று பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பவரின் வேலை பாதி காதிலும் பாதி வாயிலும் இருக்கிறது என்று சொல்லவே அமைந்தது போல. ஆனால் கடை கவுன்ட்டரில் பின்னால் ஆறு பேர் நிற்கும்போது திரும்பக் கேட்கக் கூச்சமாக இருக்கும். ‘புரிஞ்சுதா?’ என்று கடைக்காரர் கேட்டாலும் பயனில்லை, யாரும் ‘இல்லை’ என்று சொல்லப் போவதில்லை. அதனால்தான் மருத்துவத் துறையில் இப்போது கேள்வியை மாற்றச் சொல்கிறார்கள்: புரிந்ததா என்று கேட்காதே, வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று நோயாளியையே சொல்லச் சொல்.

இப்படித் திருப்பிச் சொல்ல வைப்பதிலும் ஓட்டை உண்டு என்பதை விமானக் கட்டுப்பாட்டாளர்கள் அறிவார்கள். விமானி தவறாகத் திருப்பிச் சொன்னாலும், தான் சொன்னதையே அவரும் சொல்கிறார் என்ற நினைப்பில் கட்டுப்பாட்டாளரின் காது அதைச் சரியாகக் கேட்டுக்கொள்ளும். இருமலுக்கு நடுவே ‘ஸ்’ கேட்ட அதே காதுதானே.

போன மாதம் அத்தையை வேறொரு மருந்துக்கடைக்குக் கூட்டிப்போனேன். கவுன்ட்டரில் ஒரு பெண். கவரில் பேனாவால் எழுதிவிட்டு, “எப்படிப் போடுவீங்க, ஒரு தடவை எனக்குச் சொல்லுங்கம்மா” என்றாள். அத்தைக்கு முகம் சற்று மாறியது. இருந்தாலும் ஒப்பித்தார்: “தினமும் காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பிட்டப்புறம். அட்டை தீர்ற வரைக்கும்.” அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். எனக்கும் நிம்மதி.

படியிறங்கி வாசலுக்கு வந்ததும் அத்தை கவரைத் திறந்து பார்த்தார். உள்ளே இரண்டு அட்டை இருந்தது.

“இதுல எதைடா சொன்னா?”